மேல்நிலை ஒலியியலை எந்த வரிசையில் கற்பது? திறந்த முனையில் அலை ஏன் திரும்புகிறது?

அலைமாணவர் கேட்டது:

இளநிலை இயற்பியலில் வரும் ஒலியியலைப் பயிற்சிக் கணக்குகளோடு முடித்துவிட்டேன். இழையின் அதிர்வு, குழாய்களில் நிலை அலைகள், டாப்ளர் விளைவு, டெசிபல் கணக்கு ஆகியவற்றில் எனக்குச் சிக்கல் இல்லை. பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகளும் ஃபூரியர் பகுப்பாய்வும் ஓரளவு கைவரும். முதுநிலை அளவில் தொடரலாம் என்று நூல்களைத் திறந்தால் ஒவ்வொன்றும் ஒவ்வோர் இடத்தில் தொடங்குகிறது: ஒன்று பாய்ம இயக்கவியலில், இன்னொன்று நிறையும் சுருள்வில்லும் சேர்ந்த அமைப்புகளில், வேறொன்று நேராகக் கிரீன் சார்பில் (ஒரு புள்ளி மூலம் எழுப்பும் அலையைத் தரும் சார்பு). நூற்பட்டியல் எனக்குத் தேவையில்லை, நூல்கள் கையில் இருக்கின்றன. எதை முதலில் படித்தால் மற்றவை தாமே திறக்கும் என்பதைத்தான் அறிய விரும்புகிறேன்.

இதோடு, நீண்ட நாளாக விடை கிடைக்காத இரண்டு ஐயங்களையும் கேட்டுவிடுகிறேன். முதலாவது ஒலியின் வேகம் பற்றியது. ஒலியலையில் அமுக்கமும் விரிவும் மிக விரைவாக நிகழ்வதால் வெப்பம் பரவ நேரமில்லை என்றும், ஆகவே வெப்பமாற்றீடற்ற நிகழ்வாகக் கொள்ள வேண்டும் என்றும் படித்திருக்கிறேன். அப்படியானால் அதிர்வெண் குறையக் குறைய வெப்பம் பரவ நேரம் கிடைத்துவிடும். 20 ஹெர்ட்ஸ் ஒலி, வெப்பநிலை மாறாது என்று கொண்டு நியூட்டன் கணக்கிட்ட குறைந்த வேகத்தை நோக்கி இறங்க வேண்டுமே, ஏன் இறங்குவதில்லை? இரண்டாவது, மூடிய முனையில் அலை திரும்புவதற்குச் சுவர் இருக்கிறது. திறந்த முனையில் எதுவுமே இல்லை. குழாய்க்குள் இருக்கும் அதே காற்றுதான் வெளியிலும் இருக்கிறது. பிறகு அலை எதில் மோதித் திரும்புகிறது? "அங்கே அழுத்தம் சுழி" என்ற எல்லை நிபந்தனையை எழுதிவிட்டு நூல்கள் நகர்ந்துவிடுகின்றன.

பாய்மவழி எழுதியது:

முதல் ஐயத்தை நீங்கள் சரியான இடத்தில் பிடித்திருக்கிறீர்கள். அந்த விளக்கத்தின் முடிவு சரி, அதற்குச் சொல்லப்படும் காரணம் தவறு. வெப்பம் பரவ எவ்வளவு நேரம் கிடைக்கிறது என்பதை மட்டும் பார்த்தால் போதாது. எவ்வளவு தூரம் பரவ வேண்டும் என்பதையும் பார்க்க வேண்டும். ஒலியலையில் அமுங்கிய பகுதி சற்றே சூடாகவும் விரிந்த பகுதி சற்றே குளிர்ந்தும் இருக்கின்றன. இரண்டுக்கும் இடையே அரை அலைநீளம் தூரம் உண்டு. காற்றின் வெப்ப விரவல் கெழு விநாடிக்குச் சுமார் 2.1 × 10⁻⁵ சதுர மீட்டர். அதை அலைவு நேரத்தால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால், ஓர் அலைவுக்குள் வெப்பம் ஏறத்தாழ எவ்வளவு தூரம் பரவும் என்பது கிடைக்கும். 1000 ஹெர்ட்ஸில் அந்தத் தூரம் 0.15 மில்லிமீட்டர், அலைநீளமோ 343 மில்லிமீட்டர். 100 ஹெர்ட்ஸில் வெப்பம் பரவும் தூரம் 0.46 மில்லிமீட்டராகக் கூடுகிறது, ஆனால் அலைநீளம் 3.43 மீட்டராகிவிடுகிறது. முன்னதில் வெப்பம் கடப்பது அலைநீளத்தில் ஏறத்தாழ 2,400-இல் ஒரு பங்கு, பின்னதில் 7,500-இல் ஒரு பங்கு. அதிர்வெண் குறையும்போது நேரம் கூடுவது உண்மைதான்; கடக்க வேண்டிய தூரம் அதைவிட வேகமாகக் கூடிவிடுகிறது. ஆகவே திறந்த வெளியில் தாழ்ந்த ஒலிதான் வெப்பமாற்றீடற்ற நிலைக்கு இன்னும் நெருக்கமானது. நீங்கள் எதிர்பார்த்ததற்கு இது நேர்மாறு.

இதே கணக்கை மேல்நோக்கி நீட்டிப் பாருங்கள். வெப்பம் பரவும் தூரமும் அலைநீளமும் சமமாகும் அதிர்வெண் 5 × 10⁹ ஹெர்ட்ஸுக்குச் சற்று மேலே வருகிறது. அங்கே அலைநீளம் சுமார் 60 நானோமீட்டர். காற்று மூலக்கூறுகளின் சராசரி மோதலிடைத் தூரமோ கிட்டத்தட்ட 70 நானோமீட்டர். அதாவது வெப்பநிலை மாறா ஒலியை எட்டும் முன்பே, காற்றைத் தொடர்ச்சியான பாய்மமாகக் கருதும் அடிப்படையே உடைந்துவிடுகிறது. இது தற்செயலாக நேர்ந்த பொருத்தம் அன்று: வெப்ப விரவல் கெழுவே மூலக்கூறுகளின் வேகத்தையும் மோதலிடைத் தூரத்தையும் பெருக்கியதன் அளவில்தான் இருக்கிறது, ஒலியின் வேகமும் மூலக்கூறுகளின் வேகத்தை ஒட்டியதே. நியூட்டனின் வழியில் 20 பாகை செல்சியஸில் விநாடிக்கு 290 மீட்டர் கிடைக்கும். லாப்லாஸ் 1816-இல் சுட்டிய திருத்தத்தின்படி அதை 1.4-இன் வர்க்கமூலத்தால் பெருக்கினால் 343 மீட்டர் வரும். இந்த எண்கள் எல்லா நூல்களிலும் இருக்கின்றன, தூரங்களை ஒப்பிடும் வாதம்தான் அரிதாகக் கண்ணில் படுகிறது.

வரிசையைப் பொறுத்தவரை என் கருத்து உறுதியானது: பாய்ம இயக்கவியலில் தொடங்குங்கள். நிறைமாறா விதி, ஆய்லர் சமன்பாடு, அழுத்தத்தையும் அடர்த்தியையும் இணைக்கும் நிலைச் சமன்பாடு ஆகிய மூன்றையும் முழு வடிவில் எழுதி, நீங்களே நேரியலாக்கி (சிறு மாற்றங்களை ஒன்றோடொன்று பெருக்கும் உறுப்புகளை விட்டுவிட்டு), எந்தெந்த உறுப்புகளை எந்த உரிமையில் விட்டீர்கள் என்பதை எண்களால் நியாயப்படுத்துங்கள். காதுக்குப் பலமாகவே கேட்கும் 94 டெசிபல் ஒலியின் அழுத்தம் 1 பாஸ்கல் மட்டுமே. வளிமண்டல அழுத்தமான 101,325 பாஸ்கலோடு ஒப்பிட்டால் அது லட்சத்தில் ஒரு பங்கு. அந்த ஒலியில் காற்றுத் துகளின் வேகம் விநாடிக்கு 2.4 மில்லிமீட்டர், வெப்பநிலை ஏற்றத்தாழ்வு ஒரு கெல்வினில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. கேட்புத் தொடக்கமான 20 மைக்ரோபாஸ்கலில், 1000 ஹெர்ட்ஸில், துகள் இடம்பெயரும் தூரம் சுமார் 8 பைக்கோமீட்டர். ஓர் அணுவின் விட்டத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. இந்த அளவுகளைக் கையால் கணக்கிட்டவருக்கு நேரியல் கோட்பாடு ஏன் இவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்பதையும், எங்கே கைவிடும் என்பதையும் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. கிரீன் சார்பை அதற்குப் பிறகு எடுங்கள். இயற்பியல் கைக்கு வருமுன் அதைத் தொட்டால் தொகையீட்டுப் பயிற்சியாகவே முடிந்துவிடும்.

குழலொலி எழுதியது:

இரண்டாவது ஐயத்தை நான் எடுத்துக்கொள்கிறேன். அலை திரும்புவதற்குப் பொருள் மாற வேண்டியதில்லை. அழுத்தத்துக்கும் காற்றோட்டத்துக்கும் உள்ள விகிதம் மாறினால் போதும். குறுக்குவெட்டு மாறும் ஒரு குழாயை நினைத்துக்கொள்ளுங்கள். சந்திப்பின் இரு பக்கமும் அழுத்தம் ஒன்றாக இருக்க வேண்டும். விநாடிக்குக் கடக்கும் காற்றின் கன அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். இந்த இரண்டு நிபந்தனைகளையும் ஒரு முன்செல் அலை கொண்டு மட்டும் நிறைவேற்ற இயலாது, பின்செல் அலை ஒன்று தோன்றியே தீரும். எதிரொலிப்புக் கெழு, முதல் பரப்பிலிருந்து இரண்டாம் பரப்பைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் வருவது. இரண்டாம் பரப்பை எல்லையின்றிப் பெருக்கினால் கெழு −1 ஆகிறது. திறந்த முனைக்கு இது தோராயமான படமே, ஆனால் காரணம் இதுதான்: குழாய்க்குள் அடைபட்டிருந்தவரை ஒவ்வொரு காற்றடுக்கும் அடுத்த அடுக்கை அமுக்கியே நகர முடிந்தது, வாயைத் தாண்டியதும் எல்லாப் பக்கமும் விலக இடம் கிடைக்கிறது. விலக இடமுள்ள காற்று அமுங்காது. அமுங்காவிட்டால் அழுத்தம் எழாது.

சரியான கணக்குக்கு வாயில் உள்ள கதிர்வீச்சு இம்பிடன்ஸ், அதாவது அங்கே அழுத்தத்துக்கும் காற்றின் வேகத்துக்கும் உள்ள விகிதம், வேண்டும். அங்கே எல்லாவற்றையும் தீர்மானிப்பது அலை எண்ணையும் குழாயின் ஆரத்தையும் பெருக்கி வரும் எண்; ஒலியியலாளர்கள் அதை எப்போதும் கே-ஏ என்றே சொல்வார்கள். ஆரம் 1 சென்டிமீட்டர், அதிர்வெண் 500 ஹெர்ட்ஸ் என்றால் கே-ஏ 0.092. விளிம்பில்லாத குழாய்க்கு, கே-ஏ சிறிதாக உள்ளபோது, இம்பிடன்ஸின் தடைப்பகுதி காற்றின் இயல்பு இம்பிடன்ஸை (அடர்த்தியையும் ஒலியின் வேகத்தையும் பெருக்கியது) கே-ஏயின் வர்க்கத்தால் பெருக்கி நான்கால் வகுத்தது. இங்கே அது 0.2 விழுக்காடுதான். வாயை எட்டும் ஆற்றலில் வெளியேறுவது ஏறத்தாழ கே-ஏயின் வர்க்கம், அதாவது 0.84 விழுக்காடு. மீதி முழுவதும் திரும்புகிறது. கே-ஏ ஒன்றை எட்டும் 5,500 ஹெர்ட்ஸ் அருகே பாதி ஆற்றல் வெளியேறிவிடும். ஆகவே "திறந்த முனையில் அழுத்தம் சுழி" என்பது ஒரு விதி அன்று, கே-ஏ சிறிதாக இருக்கும்போது மட்டும் செல்லும் தோராயம்.

இம்பிடன்ஸின் மற்றொரு பகுதி நிறை போலச் செயல்படுகிறது: வாய்க்கு வெளியே ஒரு காற்றுத் திரள் அமுங்காமல் முன்னும் பின்னும் ஆடுகிறது. குழாய் தன் ஆரத்தில் 0.61 பங்கு நீண்டுவிட்டது போலத் தோன்றுவது இதனால்தான். இந்த எண்ணை 1948-இல் லெவினும் ஷ்விங்கரும் துல்லியமாகக் கணக்கிட்டு 0.6133 என்றார்கள். குவாண்டம் மின் இயக்கவியலுக்காகப் பின்னர் நோபல் பரிசு பெற்ற அதே ஜூலியன் ஷ்விங்கர்தான். ஒரு குழாயின் வாய் அவருடைய கவனத்துக்கும் உரியதாக இருந்திருக்கிறது.

உங்கள் வரிசைக் கேள்விக்கு என் விடையும் இதிலேயே அடங்கியிருக்கிறது. பாய்மவழி சொன்ன நேரியலாக்கத்துக்குப் பிறகு நேராகத் துடிக்கும் கோளத்துக்குச் செல்லுங்கள். அழுத்தத்துக்கும் துகள் வேகத்துக்கும் உள்ள விகிதத்தை மையத்திலிருந்து எல்லாத் தொலைவுக்கும் எழுதிப் பாருங்கள். 100 ஹெர்ட்ஸில், மையத்திலிருந்து 1 சென்டிமீட்டரில், இரண்டுக்கும் இடையே கட்ட வேறுபாடு 89 பாகை. ஓர் அலைவுக்குக் கொடுத்த ஆற்றலில் ஏறத்தாழ எல்லாமே திரும்பிவிடுகிறது. தொலைவில் வேறுபாடு மறைந்து தள அலை போலாகிறது. சிறிய மூலங்கள் தாழ்ந்த ஒலியை ஏன் பலவீனமாகவே எழுப்புகின்றன, பெட்டியில்லாத ஒலிபெருக்கி ஏன் இன்னும் பலவீனமானது, திசை உணரும் மைக்குகளை வாயருகே பிடித்தால் தாழ்ந்த ஒலி ஏன் மிகுகிறது ஆகிய மூன்றுக்கும் விடை அந்த ஒரே விகிதத்தில் இருக்கிறது.

அலைமாணவர் எழுதியது:

இருவருக்கும் நன்றி. பரப்பு மாறும் குழாயின் கணக்கைச் செய்து பார்த்தேன். பரப்பு நூறு மடங்கானால் கெழு −0.98 வருகிறது. வெப்ப விரவல் கணக்கும் தெளிவாகிவிட்டது. ஆனால் இப்போது வேறொன்று உறுத்துகிறது. வாயை எட்டும் ஆற்றலில் 1 விழுக்காட்டுக்கும் குறைவாகவே வெளியேறுகிறது என்றால், காற்றுக்கருவிகள் எப்படி இவ்வளவு பலமாக ஒலிக்கின்றன?

குழலொலி எழுதியது:

வெளியேறும் பங்கு சிறிதாக இருப்பதால்தான் உள்ளே ஒத்ததிர்வு பெருக முடிகிறது. ஒவ்வொரு சுற்றிலும் இழப்பது சிறிதென்றால், ஊதுபவர் கொடுக்கும் ஆற்றலும் மொத்த இழப்பும் சமமாகும்வரை உள்ளே உள்ள அலை வளர்ந்துகொண்டே போகும். வளர்ந்த அலையின் சிறு பங்கே போதிய ஒலியாகிவிடும். ஆனால் இழப்பின் பெரும்பகுதி எங்கே போகிறது என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். குழாயின் சுவரை ஒட்டிய மெல்லிய அடுக்கில் பாகியலும் வெப்பக் கடத்தலும் ஆற்றலை உண்கின்றன. மேலே சொன்ன 1 சென்டிமீட்டர் ஆரக் குழாயில், 500 ஹெர்ட்ஸில், அலையின் வீச்சு ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ 6.5 விழுக்காடு தேய்கிறது. குழாயின் நீளம் அரை மீட்டர் என்றால், ஒருமுறை போய்த் திரும்புவதற்குள் சுவரில் போகும் ஆற்றல் சுமார் 12 விழுக்காடு. வாய் வழியே ஒலியாக வெளியேறுவது அந்த 0.84 மட்டுமே. கருவியிலிருந்து நம் காதுக்கு வருவது கணக்கில் மிகச் சிறிய உறுப்பு. காதின் உணர்திறன்தான் அதைப் பெரிதாக்கிக் காட்டுகிறது.

ஆய்வுமேசை எழுதியது:

மேலே எழுதிய இருவரும் கணக்கிலேயே நிற்கிறார்கள். நல்ல கணக்குதான்; ஆயினும் ஒலியியலில் அளந்து பார்ப்பதற்கு ஆகும் உழைப்பு மிகக் குறைவு என்பதால், கணக்கோடு அளவீட்டையும் முதல் நாளிலிருந்தே இணைத்துக்கொள்வது நல்லது. ஒரு கண்ணாடிப் புட்டி, ஒரு சிறு ஒலிபெருக்கி, ஒரு மைக், நிறமாலை காட்டும் மென்பொருள் இருந்தால் மேலே பேசப்பட்ட இரண்டு ஐயங்களையும் ஒரே சோதனையில் தொட்டுவிடலாம்.

புட்டியின் கொள்ளளவு 750 மில்லிலிட்டர், கழுத்தின் உள் ஆரம் 9.5 மில்லிமீட்டர், நீளம் 8 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கழுத்தில் உள்ள காற்று நிறையாகவும் வயிற்றில் உள்ள காற்று சுருள்வில்லாகவும் இயங்குகின்றன. முனைத்திருத்தம் (வாய்க்கு வெளியே ஆடும் காற்றுக்காகக் கூட்டும் நீளம்) சேர்க்காமல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் சூத்திரத்தில் இட்டால் ஒத்ததிர்வு 119 ஹெர்ட்ஸில் வர வேண்டும். வெளிமுனைக்கு ஆரத்தில் 0.61 பங்கும், உள்முனை அகன்ற சுவரில் திறப்பதால் அங்கே 0.85 பங்கும் நீளத்தோடு சேர்த்தால் 110 ஹெர்ட்ஸுக்கு இறங்குகிறது. 9 ஹெர்ட்ஸ் வேறுபாட்டை எந்த எளிய மைக்கும் காட்டிவிடும். லெவினும் ஷ்விங்கரும் கணக்கிட்ட முனைத்திருத்தம் அந்த வேறுபாட்டுக்குள் இருக்கிறது. புட்டியின் தோள்பகுதி சரிந்திருந்தால் கழுத்து எங்கே முடிகிறது என்பதில் சிறிது குழப்பம் வரும், ஆகவே தோள் சட்டென்று அகலும் புட்டியைத் தேர்ந்தெடுங்கள்.

இனி வெப்பம். 110 ஹெர்ட்ஸில் வெப்ப எல்லை அடுக்கின் (திடப்பொருளை ஒட்டி, அதோடு வெப்பம் பரிமாறும் மெல்லிய காற்றடுக்கு) தடிமன் கால் மில்லிமீட்டர். புட்டியின் வயிற்றில் நுண்ணிய இழைகளைத் தளர்வாகப் பரப்பினால், காற்றின் எந்தப் புள்ளியும் ஓர் இழையிலிருந்து அந்தத் தூரத்தை ஒட்டியே இருக்கும்படி செய்யலாம். இழைகள் வெப்பத்தை உடனே வாங்கிக் கொடுப்பதால் அமுக்கம் வெப்பநிலை மாறா நிகழ்வாகத் திரும்புகிறது, சுருள்வில் 1.4 மடங்கு தளர்கிறது. ஒத்ததிர்வு 110-இலிருந்து 93 ஹெர்ட்ஸ் வரை இறங்க இடமுண்டு. நடைமுறையில் அவ்வளவும் இறங்காது: இழைகளும் இடத்தை அடைக்கின்றன, அவை தரும் உராய்வால் ஒத்ததிர்வின் சிகரமும் அகன்றுவிடுகிறது. ஆயினும் இறங்கும் திசையைக் கண்ணால் காணலாம். நியூட்டனின் கணக்குத் தவறான இடத்தில் பயன்படுத்தப்பட்ட சரியான கணக்கு என்பது அங்கே தெரியும். மூடிய ஒலிபெருக்கிப் பெட்டிகளுக்குள் இழைத் திணிப்பு வைப்பதன் பயன்களில் ஒன்று இதே விளைவுதான். பெட்டி தன் அளவைவிடப் பெரிதாக நடந்துகொள்கிறது. இழை திணித்த பிறகு வாயால் ஊதி ஒலிக்க வைப்பது கடினம். ஒலிபெருக்கியில் அதிர்வெண்ணை மெல்ல ஏற்றிக்கொண்டே புட்டிக்குள் உள்ள அழுத்தத்தை அளப்பதே வழி.

எண்வழி எழுதியது:

பாய்மவழி கிரீன் சார்பைத் தள்ளிவைக்கச் சொன்னதை நான் முழுமையாக ஏற்கவில்லை. துடிக்கும் கோளத்தின் ஆரத்தைச் சுழிக்கு இறக்கினால் கிடைப்பதே கிரீன் சார்பு. குழலொலி சொன்ன கணக்கை முடித்த அன்றே அதைச் சந்தித்துவிட்டீர்கள். அங்கிருந்து, எதிர்க்கட்டத்தில் அருகருகே உள்ள இரு மூலங்களைக் கூட்டி இருமுனையும், அப்படிப்பட்ட இரண்டு இருமுனைகளைக் கூட்டி நான்முனையும் அமைத்து, ஒவ்வொரு படியிலும் வெளியேறும் திறன் எப்படிச் சரிகிறது என்று பாருங்கள். சுழன்று ஓடும் காற்று தானாக எழுப்பும் ஒலியின் திறன் ஓட்ட வேகத்தின் எட்டாம் அடுக்கில் வளர்கிறது என்று லைட்ஹில் 1952-இல் காட்டியதன் வேர், நான்முனையின் இந்தத் திறமையின்மையில் இருக்கிறது. ஜெட் எஞ்சின்களின் இரைச்சலைக் குறைக்க, காற்றை மெதுவாகவும் அகன்ற தாரையாகவும் வெளிவிடும் வழிக்குப் பொறியாளர்கள் போனதற்கு அந்த எட்டாம் அடுக்கு பெரிய காரணம்.

உருவகப்படுத்தும் மென்பொருளைத் தொடும் நாளைச் சற்றுத் தள்ளிப்போடலாம். அது தரும் வண்ணப்படத்தில் தவறான எல்லை நிபந்தனையும் சரியானதைப் போலவே அழகாகத் தெரியும். கே-ஏ சிறிதாகும்போது விடை எங்கே செல்ல வேண்டும் என்பது உங்களுக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தால் மட்டுமே அதைச் சோதிக்க முடியும். வேறு ஓர் எச்சரிக்கையும் உண்டு: கலப்பெண்களில் காலச்சார்பை இயற்பியல் நூல்கள் பெரும்பாலும் எதிர்க்குறியோடும் (e^(−iωt)), பொறியியல் நூல்கள் நேர்க்குறியோடும் (e^(jωt)) எழுதுகின்றன. இரண்டிலிருந்தும் சூத்திரங்களைக் கலந்து எடுத்தால் நிறை சுருள்வில்லாகவும், தேயும் அலை வளரும் அலையாகவும் மாறிவிடும். ஏட்டின் முதல் பக்கத்திலேயே எந்தக் குறி என்று எழுதிவிட்டுத் தொடங்குங்கள்.

நேரியல் கோட்பாடு கைவந்த பிறகு உங்களை நீங்களே கேட்டுக்கொள்ள வேண்டிய ஒரு கேள்வியைச் சொல்கிறேன். ஒலியின் ஆற்றல் அழுத்தத்தின் வர்க்கத்தைச் சார்ந்த இரண்டாம் படி அளவு. நாமோ சமன்பாடுகளில் இரண்டாம் படி உறுப்புகளை எல்லாம் விட்டுவிட்டோம். விட்டுவிட்ட படியில் உள்ள அளவை, முதல் படி விடையைக் கொண்டு எப்படிக் கணக்கிட முடிகிறது? ஆற்றலை விரித்து எழுதினால் அடர்த்தி மாற்றத்தைச் சார்ந்த முதல் படி உறுப்பு ஒன்று வரும். அடர்த்தியின் இரண்டாம் படித் திருத்தம் அந்த உறுப்பு வழியாகத்தான் உள்ளே நுழையக்கூடும். ஆனால் மொத்த நிறை மாறாது என்பதால் அந்த உறுப்பு முழுவதும் ஆற்றல் சமநிலையிலிருந்து தனியே பிரிந்து நின்றுவிடுகிறது. எஞ்சியவற்றுக்கு முதல் படி விடையே போதும். உந்தத்துக்கும் கதிர்வீச்சு அழுத்தத்துக்கும் இப்படி எளிதாகத் தப்ப முடியாது. அங்கே இரண்டாம் படித் திருத்தத்தை நேராகச் சந்தித்தாக வேண்டும், எல்லை நிபந்தனையைப் பொறுத்து விடையும் மாறும்.

நேரியல் எங்கே முடிகிறது என்பதற்கும் ஓர் அளவு கணக்கிட்டுப் பாருங்கள். அழுத்தம் மிகுந்த பகுதி சற்று வேகமாகவும் குறைந்த பகுதி சற்று மெதுவாகவும் செல்வதால் அலைமுகம் செல்லச் செல்லச் செங்குத்தாகிறது. 1000 ஹெர்ட்ஸில் 1 பாஸ்கல் வீச்சுள்ள தள அலை, தேய்வே இல்லையென்று கொண்டால், அதிர்ச்சி அலையாக மாற 6 கிலோமீட்டருக்கு மேல் செல்ல வேண்டும். உண்மையான காற்றில் அதற்கு வெகு முன்பே தேய்ந்து போயிருக்கும். 1000 பாஸ்கல் என்றால் ஆறரை மீட்டர் போதும். உரக்க ஊதும் டிராம்போனின் உள்ளே அழுத்தம் இதைவிடப் பல மடங்கு உயர்கிறது, குழாயும் சில மீட்டர் நீளமுள்ளது; அதிலிருந்து அதிர்ச்சி அலைகள் வெளிவருவதை 1996-இல் அளந்தே காட்டியிருக்கிறார்கள். உரக்க ஊதும்போது பித்தளைக் கருவிகளின் ஒலியில் ஏறும் கூர்மை, அந்தச் செங்குத்தான அலைமுகத்தில் உள்ள உயர் சீரிசைகளால் வருவது.